நீ போடாத மாத்திரை

எங்கள் தெருவின் பேரரசியே, கேன்டீன் சாம்பாரால் ஏழு ஆலைகளை ஆண்டவளே, என் அக்கா,

பூவுலகில் உன் தம்பி நலம். நலம் என்றால், சர்க்கரை என் ரத்தத்துக்குள் ஆலை கட்டி மூன்று ஷிப்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். போன வருஷம் பாதம் இரண்டும் எரிய ஆரம்பித்தன. எங்கள் கம்பி ஆலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வெளியே வருமே, அதன்மேல் வெறுங்காலோடு பரதநாட்டியம் ஆடுவதுபோல. ஷூ போட முடியவில்லை. ஷூ இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கி, அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அக்கா, அந்தப் பெயர் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

உன் முதுகில் அக்கி வந்ததே, நினைவிருக்கிறதா? செம்மண் கரைத்துச் சிங்கம் வரைந்து அக்கி எழுதினார்கள். கொப்புளம் ஆறியது. சிங்கமும் கலைந்துபோனது. எரிச்சல் மட்டும் போகவில்லை. ஜாக்கெட் துணி பட்டால் துடித்தாய். ஃபேன் காற்றே குத்துகிறது என்றாய். கவரைப்பேட்டை டாக்டர் இதே மாத்திரையைத்தான் உனக்கு எழுதினார். வாங்கப் போனவன் நான். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கு நைனா இது? மனசு சரியில்லாதவங்களுக்குத் தர்ற மாத்திரையாச்சே" என்றார்.

என் ரத்தம் கொதித்த கொதிப்பில் வள்ளூர் அனல்மின் நிலையம் ஒரு மாதம் கரியே இல்லாமல் ஓடியிருக்கும். நேரே டாக்டரிடம் போனேன். காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கர்ஜித்தேன். "எங்கக்கா நோவுதுன்னு பொய் சொல்லிக்கினு கீறான்றியா? அவளுக்கு மூளை சரியில்லன்றியா?"

அவர், "உக்காருங்க, சொல்றேன்" என்றார். நான் உட்காரவில்லை. வெற்றிவீரனாக ஊர் திரும்பி, வாங்கியிருந்த அட்டையைக் குப்பையில் எறிந்தேன். "உன் நோவு நெஜம்க்கா. எவனும் அத மனப்பிராந்தின்னு சொல்ல உடமாட்டேன்."

நீ சிரித்தாய். "நீ சொன்னா சரிதான்டா" என்றாய். ஏன் அக்கா, ஒரு தடவையாவது என்னை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?

இந்தமுறை, டாக்டரம்மாவிடம் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். "எனக்கு மெண்டலா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்லங்க. உங்க வலி நெஜம்தான்" என்றார் டாக்டரம்மா. "கெட்டுப்போன நரம்பு சும்மாவே கத்திக்கிட்டிருக்கும். 'போதும், அடங்கு'ன்னு மூளையிலேர்ந்து கீழ சேதி போகணும். அந்தச் சேதிய எடுத்துட்டுப் போற ரசாயனம் சீக்கிரம் தீந்துடாம இந்த மாத்திரை பாத்துக்கும். மனச்சோர்வுக்கும் அதே ரசாயனம் ஒதவுது. அதுக்கு இன்னும் அதிகமா குடுப்போம். உங்களுக்குக் கொஞ்சம்தான்."

இவ்வளவுதானா அக்கா? அந்த டாக்டரும் இதைத்தானே சொல்ல வந்திருப்பார்?

சில வாரங்களில் எரிச்சல் பாதியாகிவிட்டது. ஷூ மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தேன். சந்தோஷப்பட வேண்டியவன், திருடிய சோற்றைத் தின்றவன்போல நடந்தேன். உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு, எரிச்சல் இல்லை என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடியும் பார்த்தேன். கேஸ் நிற்கவில்லை. கடைசி இரண்டு கோடையும் நீ நாற்காலியில் சாய்ந்து உட்காரவே இல்லையே.

இந்த மாத்திரையால் எனக்கு வாய் வறண்டுபோகிறது. தண்டனை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, பார்த்தாயா?

இப்போது உன் மகள் சேதி. கலாவுக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் ஷிப்டுக்குப் போகாமல் ஜன்னலை மூடிக்கொண்டு படுத்துவிடுகிறாள். அவளுக்கும் இதே மாத்திரை. பிரிக்காமலே பிரிட்ஜ் மேல் கிடந்தது. ஏன் போடவில்லை என்றேன்.

"அம்மாவுக்கே வேணாம்னு நீதான மாமா தூக்கிப் போட்ட? எனக்கு மட்டும் இன்னா, மூளை கொழம்பிப் போச்சா?"

சொன்னால் அவள் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவள் தலை பிளக்கும். என் சட்டைப்பையில் இருந்த அட்டையை எடுத்து, அவள் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். மருந்துக்கடையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல்தடவையாக, எதையும் பெரிதாக்காமல்.

இரண்டு அட்டையிலும் இருந்த பெயரை விரல் வைத்துப் படித்தாள். பிறகு, "அம்மாவுக்குக் கொறஞ்சிருக்குமா மாமா?" என்றாள்.

ஆயிரம் யானைகளை அவிழ்த்துவிடும் என் வாயில் ஒரு பூனைகூட இல்லை.

"தெரியலம்மா. எல்லாருக்கும் கேக்காதாம். ஆனா போட்டுப் பாத்திருக்கணும். நான்தான் போட உடல."

திட்டவில்லை அவள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். தன் அட்டையைப் பிரித்து ஒன்றைப் போட்டுக்கொண்டாள். இன்னொரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"உனுக்கு வாய் காஞ்சி கீது. குடி."

உன் குரல் அக்கா, அப்படியே.

அவளுக்குக் குறைகிறதோ இல்லையோ, உள்ளதை உள்ளபடி வந்து உன்னிடம் சொல்வேன். குறையவில்லை என்றால் அவளை டாக்டரிடம் திரும்ப அழைத்துப்போவேன். போய், அவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு உட்காராமல் வந்துவிட்ட
உன் தம்பி