மாமியின் நெல்லும் வாப்பாவின் பொறுமையும்

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், என் முழங்கால் வலியைத் தவிர இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, கத்தாரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். போன் இருக்க உம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன் எடுத்தால் உன் வாப்பா பக்கத்தில் வந்து குந்திவிடுகிறார், அவர் கதையை அவர் முன்னால் எப்படிச் சொல்வது? உன்னோடு வேலை செய்யும் மிஹ்லார் லீவு முடிந்து அங்கே வருகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் கருவாடும் உனக்குப் பிடித்த தொதல் இனிப்பும் கொடுத்துவிடுகிறேன்.

மாரி மழையோடு இறக்காமத்தில் யானை வந்து, உன் நஸீறா மாமிக்குப் பக்கத்து வீட்டுச் சுவரை உடைத்து நெல் தின்றது உனக்குத் தெரியும். மாமி நடுங்கிப்போய், என்ட அறையில கெடக்கிற மூட்டையெல்லாம் கொண்டு போங்க காக்கா என்று வாப்பாவிடம் அழுதாள். மாமா மௌத்தாகி அவள் தனித்துப்போன பிறகு அவளுக்குக் கூடப்பிறந்த இந்தக் காக்காதானே எல்லாம். வெள்ளாமை வெட்டும் அறுவடைக்கு முந்திய அந்த நேரம் பழைய நெல்லுக்கு நெருப்பு விலை. இத நான் இப்ப விக்கிறன், வெட்டுக்குப் பிறகு விலை விழும், அப்ப புது நெல் வாங்கி மூட்டைக்கு மூட்டை தாறன் என்றார் வாப்பா, அவளும் ஓம் என்றாள், அவர் அத்தனையும் விற்றார். சும்மா சொல்லக்கூடாது, மனிதரின் கணக்குத் தப்பவில்லை. வெட்டுமிசின் வயலுக்குள் இறங்கியதும் விலை சரசரவென்று விழுந்தது. அன்றைக்கே வாங்கிக் கொடுத்திருந்தால் மாமிக்கு நெல், எங்களுக்கு நல்ல லாபம், கிணற்றடிக்குச் சீமெந்தும் போட்டு முடிந்திருக்கும்.

எங்கே முடிந்தது? நான் கேட்டால், இன்னும் விழும் புள்ள, பொறு என்பார். விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் மில்காரருக்குப் போன், ஒரு ரூபாய் இறங்கினால் பெருநாள் பிறை கண்டவர் போல வந்து சொல்வார், ஏறினால் பிளேன்டீகூடக் குடிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். போதாததற்கு நீ வேறு, அவசரப்படாதீங்க வாப்பா, இன்னும் இறங்கும் என்று அங்கிருந்து உசுப்பேற்றினாய். உனக்கு நெல்லைப் பற்றி என்னடா தெரியும்? வாப்பாவும் மகனும் ஒன்று சேர்ந்தால் இந்த வீட்டில் எனக்கு வாய் ஏது.

இந்தப் போகம் மாமியின் வயலையும் யானை மிதித்துவிட்டது மகன், வெட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அது எங்களுக்கும் தெரியும், தெரிந்தும் அவள் அடுப்பைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. போன கிழமை அவளைப் பார்க்கப் போனேன். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால், இரிங்க மச்சி நான் கொண்டு வாறன் என்று குறுக்கே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கடை அரிசிப் பை, அதுவும் ஒரு கிலோ. சொந்த நெல்லைக் குற்றித் தின்று வளர்ந்தவள். நான் பார்த்ததைக் கண்டுவிட்டு, சும்மா வாங்கின மச்சி, இந்த அரிசியும் நல்ல ருசியாத்தான் இரிக்கி என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாப்பா உன்னோடுதான் போனில் விலை கதைத்துக்கொண்டிருக்கிறார். உங்கட தங்கச்சி கிலோக் கணக்கில கடை அரிசி வாங்கித் திங்கிறா, இன்னும் எவ்வளவு விழணும் உங்களுக்கு என்று கேட்டேன். அன்று உன் போன் கோல் பாதியில் நின்றதே, சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளே வாப்பா போய், அன்றைய விலைக்கு நெல்லை வாங்கினார். யானைப் பயத்துக்காகப் பாதியை மில்லில் அரிசியாக்கி, மீதியை எங்கள் அறையில் அவள் பேரில் அடுக்கிவிட்டு, அரிசியை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். நான் கேக்கல்லயே காக்கா, ஏன் அவசரப்பட்டீங்க என்றாள் மாமி. அவள் பகல் சோறு ஆக்கி வைத்திருந்தாள், கடை அரிசிச் சோறு, வாப்பா இருந்து சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம், அந்தச் சோத்த முழுங்க ஏலாமப் போச்சி புள்ள, இவ்வளவு நாளும் அவள் என்னத்தத் திண்டாள் எண்டு நான் ஒரு நாளும் கேக்கல்ல என்றார். உன் வாப்பா கண் கலங்கி நான் கண்டது குறைவு மகன்.

இந்தக் கிழமை விலை இன்னும் விழுந்துவிட்டது. நேற்று மில்காரரே போன் எடுத்துச் சொன்னார். விழட்டும் என்று சொல்லிவிட்டு வாப்பா அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். லாபம் குறைந்தாலும் கிணற்றடிக்குப் போதும், வீட்டிலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்திருக்கிறது. அவரை இதைச் சொல்லிக் கிண்டல் பண்ணாதே.

ஐந்து வேளைத் தொழுகையையும் விடாதே, வெயிலில் தலை மூடி நட, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான சம்பாத்தியமும் பரக்கத்தும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. மாமிக்கு ஒரு போன் எடு, விலையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இன்றைக்கு என்ன ஆக்கினீங்க மாமி என்று கேள்.

உனக்காக எந்நேரமும் துஆச் செய்யும்
உம்மா
ஜெனூபா