கிளைக்கு எடுத்த அளவு

சகலை,

இன்று காலை டிராக்டரின் டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர்களுக்கு அடியில் அந்த நைலான் கயிறு சுருண்டு கிடந்தது. கிரீஸ் ஏறிக் கறுத்துப்போயிருந்தாலும் அதிலிருந்த ஒற்றை முடிச்சு இளகவில்லை. நீங்கள் போட்ட முடிச்சாயிற்றே. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. ஒரு பெட்டியைத் திறக்க எனக்கு இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

நம் மாமனார் காடாம்புலியூர் முந்திரித்தோப்பை இரண்டு பெண்களுக்கும் பொதுவில் எழுதிவைத்துவிட்டுப் போனார். மூத்த மருமகனான நீங்கள் சிப்காட்டில் பாய்லர் ஆபரேட்டர். இளையவனான நான் சிதம்பரத்தில் ஒரு காலேஜ் ஆபீஸில் கிளார்க். இரண்டு பேருக்கும் முந்திரியை வறுத்துத் தின்னத்தான் தெரியும். கொட்டை உதிர்வதற்குள் மரத்தடிப் புல்லை வெட்டாவிட்டால், விழுந்ததில் பாதி கண்ணுக்கே அகப்படாது என்பதைக்கூட முதல் வருடம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். வேலைக்கு ஆளும் கிடைக்கவில்லை. சுனாமிக்கு மறு வருடம், பழைய சின்ன டிராக்டர் ஒன்று வாங்கிப் பின்னால் புல்வெட்டி மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். புல்லு வெட்ட டிராக்டரா என்று ஊரே சிரித்தது.

முந்திரிக் கிளைகள் தாழப் படர்ந்திருந்தன. பெரிய வண்டி உள்ளே போகாது. கிளையைக் கழிக்கலாம் என்று நான் சொன்னதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "கீழ்க்கெளையிலதான் காய் ஜாஸ்தி சகல. அத வெட்டிட்டு அப்புறம் எதுக்குப் புல்ல வெட்டறது?" என்றீர்கள். அதனால் இருப்பதிலேயே தாழ்ந்த கிளையைத் தேடிப்பிடித்து, தரையிலிருந்து கயிறு பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக அலைந்தோம்.

கடலூரில் ஒரு பட்டறையில் இரண்டு வண்டிகள் நின்றன. நீல வண்டியில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தீர்கள். இருக்கை நன்றாகப் பள்ளமாக இருந்தது. "உக்கார நல்லா இருக்கு சகல" என்றீர்கள். ஆனால் அதன் பானட் முடிச்சுக்கு நாலு விரல் மேலே நின்றது. சிவப்பு வண்டியில் எல்லாமே முடிச்சுக்குக் கீழே. புகைக்குழாயைக்கூட யாரோ பக்கவாட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள்.

"நாம உக்காரவா வாங்குறோம்? தோப்புக்குத் தோதா இருக்கணும்" என்று அடித்துப் பேசியது நான்தான்.

முதல் மரத்தடியில் வண்டி அழகாக நுழைந்தது. உங்கள் தலைதான் நுழையவில்லை. தலைத்துண்டு கிளையில் தொங்க, நெற்றியைத் தடவிக்கொண்டு நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். "ஏன் சகல, ஓட்டுறவனுக்கு அளவு எடுத்தமா?" இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். முடிச்சுக்கும் பானட்டுக்கும் விரல் கணக்குப் பார்த்த இரண்டு புத்திசாலிகளுக்கு, மேலே ஓர் ஆள் உட்காருவான் என்பது தோன்றவே இல்லை.

அதன் பிறகு நமக்கென்று ஒரு முறை உண்டாயிற்று. நான் கவைக்கம்பால் கிளையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடப்பேன். நீங்கள் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்துகொண்டு பின்னால் வருவீர்கள். தூக்க முடியாத கிளை வந்தால் "குனிங்க சகல!" என்று கத்துவேன். ஒருநாளும் நாம் நீ, வா, போ என்று பேசிக்கொண்டதில்லை. குனியச் சொல்லும்போதும் மரியாதைதான். ஐந்தாறு வருடம், தை பிறந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே கூத்து.

போன வருடம் மூன்றாவது வரிசையில் வண்டியை நிறுத்தி இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டீர்கள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "நாலு நாளா இப்பிடித்தான் இழுக்குது" என்றீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குனிஞ்சே ஓட்டுனா வலிக்காம என்னா பண்ணும்?" தைலம் தேய்த்தும் விட்டேன். நீங்களும் நம்பிக்கொண்டு சிரித்தீர்கள். அடுத்த ஞாயிறு உங்களுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை நாளாகத் தோள் வலி இருந்தது என்று கேட்டார். உங்கள் வீட்டு அக்காதான் பதில் சொன்னார்கள். "டிராக்டர் ஓட்டுறதால வர்ற வலின்னு இருந்துட்டோம் சார்." டாக்டர் மாரடைப்பு என்று சீட்டில் எழுதினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காவை இன்றுவரை நேராகப் பார்த்துப் பேச முடியவில்லை.

டிசம்பர் புயல் தோப்பைச் சாய்த்துவிட்டது சகலை. நாம் அளந்த மரமும் போயிற்று. வடக்கு மூலையில் நாலு மரம் மிச்சம். நிழல் இல்லாததால் புல் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. இன்று வண்டியை எடுத்துத் தனியாக ஓட்டினேன். முன்னால் நடக்க ஆள் இல்லை. தூக்கக் கிளையும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் ரோடு வரைக்கும் தெரிகிறது. பாதியிலேயே நிறுத்திவிட்டு அழுதேன்.

மத்தியானம் ஒரு புரோக்கர் வந்து, இனிமேல் பெரிய வண்டியே போகுமே, இதைக் கொடுத்துவிடுங்கள் என்றான். மாட்டேன் என்றேன். மழைக்கு ஒட்டுக்கன்று வைக்கப்போகிறோம். அவையும் வளர்ந்து கிளை தாழ்த்தும்.

அவன் போன பிறகு கயிற்றின் நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டினேன். இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைக்கு நேராகக் கயிற்றைப் பிடித்துத் தரைக்கு இறக்கினேன். நீங்கள் என்னைவிட நாலு விரல் உயரம். அதையும் சேர்த்து இன்னொரு முடிச்சுப் போட்டேன். இரண்டு முடிச்சுக்கும் நடுவே முழம் போட்டுப் பார்த்தேன். சரியாக ஒரு முழம் இருக்கிறது சகலை. நான் அளக்காமல் விட்டது அவ்வளவுதான்.