அப்பாவுக்கு ஏன் அன்றைக்கே ஆபரேஷன் செய்யவில்லை

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். எப்போதும் இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், இந்தத் தடவை அடுத்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நீயும் உன் கப்பலும் அலை அதிகம் இல்லாத கடலில் நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணன் அனுப்பிய நாலு வரிச் செய்தியைப் படித்துவிட்டு நீ கேட்டிருந்தாயே, மூளைப் பக்கம் ரத்தம் கசிந்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே ஏன் ஆபரேஷன் செய்யவில்லை, எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று. கோபமாகத்தான் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழ ஆரம்பிப்பாய், அதைக் கேட்டு நானும் அழுவேன், ஒரு கதையும் முழுசாகப் போய்ச் சேராது. அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

எல்லாம் ஒன்றுமில்லாத ஒரு இடியில் ஆரம்பித்தது. சமையலறையில் அப்பா மேல் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கீழே விழுந்த டப்பா மூடியை எடுக்கக் குனிந்தவர் நிமிரும்போது கதவு முனையில் மண்டையை இடித்துக்கொண்டார். வீங்கக்கூட இல்லை. கொஞ்ச நேரம் அலமாரியைத் திட்டினார், அத்தோடு மறந்துவிட்டோம். ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு அடிக்கடி தலைவலி என்றார், கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று அவரே ஒரு வைத்தியமும் சொல்லிக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் காலை, டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்திருந்த மருந்துக்கடைக்கார அம்மாவுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு போனவர், இடது பக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டே வலது பக்கம் கை காட்டியிருக்கிறார். அந்த அம்மா முதலில் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்திருக்கிறாள். அடுத்த முனையிலும் அதே கூத்து, கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஏதோ பதில். வண்டியை ஓரங்கட்டவே இன்னும் கற்றுக்கொள்ளாதவள், ஒரு சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றி எப்படியோ நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்தாள். "சாருக்கு ஏதோ சரியில்லங்க, ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன், நீங்க நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே வந்துடுங்க" என்றாள். நான் தையல் கடையில் யாருக்கோ ஜன்னல் திரை வெட்டிக்கொண்டிருந்தேன், கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு ஓடியிருக்கிறேன், பக்கத்துக் கடைக்காரர்தான் வாங்கி வைத்தார்.

நான் போய்ச் சேர்வதற்குள் அப்பா தெளிந்துவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை, எல்லாரும் சேர்ந்து ஊரைக் கூட்டுகிறீர்கள் என்று நர்ஸிடம் சண்டை. ஆனால் ஸ்கேன் படத்தில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பிறை மாதிரி ஒரு பட்டை தெரிந்தது. அன்று இடித்ததில் ஒரு சின்ன ரத்தக் குழாய் கிழிந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்து சேர்ந்த ரத்தம் அது என்றார்கள். அண்ணன் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவன், "இருக்குன்னு படமே சொல்லுதே, எடுக்கறதுக்கு என்ன யோசனை?" என்று குதித்தான். தலை ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ரத்தம் இருக்கு, ஆனா மூளைய இன்னும் பெருசா அமுக்கல. போன வருஷம் இதயத்துல ஸ்டென்ட் வச்சதுக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். அது உடம்புல இருக்கறப்ப நான் மண்டையில ஓட்டை போட்டா, அந்த இடமே நிக்காம கசியலாம். இதய டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்திரைய நிறுத்தலாம், பொறுத்துப் பாக்கலாம். சில பேருக்குத் தானாவே வத்திடும். வத்தலன்னா நான் இருக்கேன். சும்மா இருக்கறதுன்னு நினைக்காதீங்க, கண்ணு எடுக்காம பாத்துக்கறதும் வைத்தியம்தான்" என்றாள். அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. எனக்கும் இரண்டு பக்கமும் பயம்தான், திறந்தாலும் பயம், திறக்காவிட்டாலும் பயம். அப்பாவைக் கேட்டோம். "இத்தனை வருஷமா எல்லாருக்கும் அவசரப்படாதீங்கன்னு சொல்லிக் குடுத்துட்டு நானே அவசரப்பட்டா எப்படி?" என்று சிரித்தார். அண்ணன் வெளியே போனதும் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேச்சு போயிடாதில்ல?" என்று கேட்டார். போகாது என்று சொன்னேன், எனக்கென்ன தெரியும்.

சில நாள் அங்கேயே வைத்திருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் அனுப்பினார்கள். அப்புறம் நான்தான் காவல். கடையைச் சாத்திவிட்டேன். டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி ஓயாமல் அவரை இரண்டு கையையும் நீட்டச் சொல்வேன், நடக்கச் சொல்வேன், சிரிக்கச் சொல்வேன். "சிரிக்கச் சொன்னா போதுமா, சிரிக்கற மாதிரி ஏதாவது சொல்லு" என்பார். அடுத்த ஸ்கேனில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கப்புறம் ஒரு மத்தியானம், கூடத்தைத் தாண்டி வந்தவரின் இடது கால் செருப்பு நடுவிலேயே கழன்று கிடக்கிறது, அவர் அது தெரியாமலே வந்து நிற்கிறார். கையை நீட்டச் சொன்னேன். வலது கை நின்றது, இடது கை மெல்ல மெல்ல இறங்கியது. நான் கத்தவில்லை, எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. அண்ணன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். டாக்டர் புதுப் படத்தைப் பார்த்தாள், "இனிமே பொறுக்க வேண்டாம், இப்பவே எடுத்துடலாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வராந்தாவில் அண்ணன் என் பக்கத்தில் உட்காரவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அந்த ஒரு தடவையே எனக்குப் போதுமானதாக இருந்தது. டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். இரண்டே சின்ன ஓட்டைகள்தான், உள்ளே இருந்தது பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கருப்பாக வந்துவிட்டது, மூளை விரிந்து தன் இடத்துக்கு வருகிறது என்றாள். அண்ணன் நேராகவே கேட்டுவிட்டான், அன்றைக்கே செய்திருந்தால் இந்த அவதி இருந்திருக்காதே என்று. அவள் மழுப்பவில்லை. "அன்னிக்கே செஞ்சிருந்தாலும் நல்லா முடிஞ்சிருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம். எனக்கும் தெரியாது. மாத்திரை வேகம் இறங்கினதால இன்னிக்கு நிம்மதியா செஞ்சேன், அது மட்டும் தெரியும்" என்றாள். அண்ணன் போய் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நீ கேட்ட கேள்விக்கும் என்னிடம் அந்தப் பதில்தான் இருக்கிறது, கண்ணு. பொறுத்தது சரியா என்று எனக்குத் தெரியாது. பொறுத்த நாட்களில் ஒரு நிமிடமும் அவரைத் தனியே விடவில்லை, அது தெரியும். அப்பா கண் விழித்ததும் டாக்டர் சொன்ன இன்ஜின் ஆயில் கதையை அவரிடம் சொன்னேன். வாய் கொஞ்சம் குழறினாலும், "ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு" என்றார் பார், எனக்கு அங்கேயே பாதி உயிர் திரும்பி வந்தது.

இப்போது தையல் பிரித்தாயிற்று. இடது கால் மட்டும் இன்னும் சற்றுப் பின்தங்குகிறது. சிலருக்கு ரத்தம் திரும்பவும் சேரலாம் என்பதால் அடுத்த மாதம் இன்னொரு ஸ்கேன் இருக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருப்பதால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இன்று காலை கடைத்தெரு வரை நடக்கப் போனோம். அவருக்காக நான் அடியை அளந்து அளந்து வைத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் என் கையை உதறிவிட்டு, "நீ ரொம்ப மெதுவா நடக்கற" என்று சிடுசிடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் எட்டிப் பிடிக்கவில்லை. தெருமுனை வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே திரும்பி நின்று, போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, "வரியா, இல்லையா?" என்று சத்தம் போட்டார். ஒரு வார்த்தை குழறவில்லையடி.

நீ போகும் கடலெல்லாம் உனக்கு நல்லதாக இருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. கப்பலில் தலைக்கவசம் இல்லாமல் கீழ்த்தளத்துக்கு இறங்காதே. எங்கேயாவது தலையில் லேசாக இடித்தாலும் அப்பா மாதிரி கதவைத் திட்டிவிட்டுச் சும்மா இருக்காமல் உடனே யாரிடமாவது சொல்லு. கரை வந்ததும் அப்பாவுக்குப் போன் போடு, அவரையே பேச விடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா