போன வழியே திரும்பும் சிந்தா

2008 பெப்ரவரி 11, திங்கள்

காலையில் கட்டுகஸ்தோட்டை வீதியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய் பிறந்த இடத்தை மட்டும் வாசித்தார். படத்துக்காக நான் பட்டபாட்டையோ, அதில் வந்திருந்த அரைச் சிரிப்பையோ அவர் பார்க்கவில்லை. ஒரு பெண்ணை "யாழ்ப்பாணம்" என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிவிடும் இந்த முறை வேகமானது, அதை மறுக்க முடியாது. எங்கள் துறையிலும் பெரும்பாலான கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஒரு புரோகிராமை வாசிப்பார்கள், கணினிக்குத் தேவையானதை எடுத்துக்கொள்வார்கள், எழுதியவர் ஓரத்தில் வைத்த குறிப்பையும் விட்ட இடைவெளியையும் குப்பையில் போடுவார்கள்.

எங்களுடையது போடாது! இன்று மதியம் முதன்முறையாக ஒரு கோப்பு முழுதாகப் போய் முழுதாகத் திரும்பி வந்தது. பழைய கோபோல் என்ற கணினி மொழியிலிருந்து ஜாவா மொழிக்கு, அங்கிருந்து மறுபடியும் கோபோலுக்கு. இரண்டையும் ஒப்பிட்டோம். வித்தியாசம் இல்லை.

என்னோடு சேர்ந்து இதை எழுதும் ஹபீல் கதிரையில் ஏறி நின்றுவிட்டான். "அக்கா, ஒரு புள்ளியும் தொலயல்ல! ஒரு இடைவெளியும் தொலயல்ல!"

நானும் ஏறியிருப்பேன். சேலை.

வாடிக்கையாளர் டென்மார்க்கின் ஒரு காப்புறுதிக் கம்பெனி. அவர்களுடைய புரோகிராம்களை எழுதியவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அவர்களின் குறிப்புகள் மட்டுமல்ல, வெற்று வரிகள்கூடத் தொலையக்கூடாது என்பது நிபந்தனை. "எங்கள் கிழவர்கள் காரணமில்லாமல் ஒரு வரியைக் காலியாக விடமாட்டார்கள்" என்று அங்கே பொறுப்பாக இருக்கும் ஒரு அம்மா ரெலிபோனில் சொன்னார். ஜூலையில் நேரில் வந்து சோதிப்பாராம். தேறினால் ஒப்பந்தம். இல்லையென்றால் திரைச்சீலைக் கடைக்கு மேலேயுள்ள எங்கள் அலுவலகம் மூடப்படும். முதலாளி விஜேகோன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட செய்திக்கென்று அவர் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார்.

பெப்ரவரி 12

பெயர் வைத்தாயிற்று. சிந்தா. எதையும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதால்.

பெப்ரவரி 17, ஞாயிறு

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ரெலிபோன். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். மற்றவர்கள் தங்கள் புரோகிராமுக்குள் வைத்துப் பாவிக்கக்கூடிய ஒன்று, அதை லைப்ரரி என்பார்கள் என்றேன். எங்கள் ஊர் நூலகம் எரிந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். "லைப்ரரி எண்டா கவனம், பிள்ளை" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

இன்று சிந்தாவைச் சிந்தாவுக்கே கொடுத்தோம். அதை நாங்கள் எழுதியது சி மொழியில். அது தன்னைத்தானே வாசித்து, தன்னை ஜாவாவாக்கி, பிறகு பழையபடி சி ஆக்கியது. நானும் ஹபீலும் தமிழில் எழுதிவைத்த குறிப்புகள், எங்களுக்குள் போட்ட சண்டைகள் உட்பட, இரண்டு தரமும் அப்படியே வந்தன. இப்படியொரு மகிழ்ச்சியை நான் கடைசியாக அனுபவித்தது... ஞாபகமில்லை. அனுபவித்தேனா?

ஹபீல் ஜாவாப் பிரதியைத் திகனவில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினானாம். றிஸானா வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. "போன சாமான் அப்படியே திரும்பி வந்திரிக்கி. அதுக்கா இவ்வளவு சந்தோஷம்? எங்கட கடையிலண்டா வாப்பா ஏசுவார்" என்றாளாம்.

ஜூன் 8, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு. ஊர் ஒடுங்கிக் கிடக்கிறது.

மாலையில் வீட்டுக்கார இரத்தினம்மா மாடியேறி வந்தார். "பத்மா, நாளைக்கு வீடு வீடா சோதிக்க வர்றாங்களாம். தமிழ்ல ஏதாச்சும் எழுதி வச்சிருந்தா எடுத்துருங்கம்மா. நான் பஞ்சாங்கத்தைக்கூட அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டேன்."

கணினியில் இருக்கும் தமிழ் என்றால் சிந்தாவின் குறிப்புகள்தான். "இங்கே உடைத்து அங்கே சேர்", "இதை முதலில் கொல்", "வேரிலிருந்து தொடங்கு". ஒரு பொலிஸ்காரருக்கு இவற்றை எந்த மொழியில் விளக்குவது? எல்லாவற்றையும் அழித்தேன். அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த பிரதியிலும். சேமித்துவைத்த பழைய பதிப்புகளையும் சேர்த்து. அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

ஜூன் 9

வந்தார்கள். கணினியைத் தொடவேயில்லை. அரிசிக்குள் பஞ்சாங்கத்தைக் கண்டுபிடித்தார்கள். இதை ஏன் ஒளித்தாய் என்று இரத்தினம்மாவை வெகுநேரம் விசாரித்தார்கள். சுவரில் மாட்டியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

சிந்தாவுக்குள் ஒரு விசித்திரமான துண்டைக் கண்டேன். எதற்கென்று புரியவில்லை, விளக்கமும் இல்லை. யாரோ மடையன் எழுதியது. எடுத்துவிட்டேன். இப்போது எவ்வளவு வேகம்! விஜேகோனிடம் காட்டினேன். "ஹரி, ஹரி" என்றார், சிங்களத்தில் சரி, சரி என்று.

ஜூலை 7, திங்கள்

சிந்துகிறது.

டென்மார்க்கிலிருந்து இன்று கடைசித் தொகுதி வந்தது. கணிசமான கோப்புகள் குறைபட்டுத் திரும்புகின்றன. எங்கோ வெற்றிடங்கள் விழுகின்றன, எங்கே என்று பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை அந்த அம்மா வருகிறார்.

நான் எடுத்த அந்தத் துண்டுதான் காரணம். மடையன் நான்தான். ஏன் எழுதினேன் என்று நான் குறிப்பு வைக்காமலா இருந்திருப்பேன்? வைத்தேன். தமிழில். ஒருத்தரும் கேட்க முந்தியே நானே அழிச்சுப்போட்டன். பழைய பதிப்பும் இல்லை, ஒண்டுமில்லை. ஒன்றையும் தொலைக்காத சாமானைச் செய்துபோட்டு... என்ன மனுசி நான்?

ஹபீலிடம் சொன்னேன். ஏசுவான் என்று நினைத்தேன். அவன் துள்ளி எழும்பினான்.

"அக்கா! எங்கட ஊட்டுல ஜாவாச் சிந்தா இரிக்கே!"

ஜூலை 8, செவ்வாய்

திகனவுக்குப் பஸ். றிஸானா தேத்தண்ணி தந்தாள். மார்ச் மாதத்து ஜாவாப் பிரதி ஹபீலின் கணினியில் பத்திரமாக இருந்தது. அன்றைய சிந்தாவும், கணினி மட்டுமே வாசிக்கக்கூடிய வடிவில், அதில் இருந்தது. அதைக்கொண்டே ஜாவாவைச் சி ஆக்கினோம். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் வந்தது. அந்தத் துண்டும், அதன் தலைமாட்டில் என் குறிப்பும்:

"பழைய கோப்புகளில் பக்கம் முடியும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் இருக்கும். அதற்காக இது. தொடாதே. ஏனென்று உனக்கே மறந்துபோகும். — பத்மாதேவி."

றிஸானா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கு நீங்களே ஏசி எழுதி வெச்சிரிக்கீங்களே?"

"ஓம்" என்றேன். "அதையும் கேட்கேல்லை."

புறப்படும்போது ஹபீல் குரலைத் தணித்தான். "அக்கா, ரோட்டுல செக்கிங் இரிக்கி. தமிழ் எழுத்த எடுத்துட்டுக் கொண்டு போவமா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

ஜூலை 9

அந்தத் துண்டைச் சேர்த்தாயிற்று. எல்லாக் கோப்புகளும் போனபடியே திரும்பின. கதிரையில் ஏறினேன். சேலையோடுதான்.

ஜூலை 11, வெள்ளி

அந்த அம்மா வந்தார். பெரிய தொப்பி, சிறிய பேச்சு. தானே தெரிவுசெய்த கோப்புகளைக் கொடுத்து, திரும்பி வந்தவற்றை வரி வரியாகச் சரிபார்த்தார். கடைசியில் சிந்தாவையே திறந்துகாட்டச் சொன்னார். திரை முழுக்கத் தமிழ். விஜேகோனின் நெற்றி நனைந்தது.

"இவை என்ன?"

"காரணங்கள்" என்றேன்.

அவர் தலையசைத்தார். "எங்களுக்குத் தரும்போது இவையும் சேர்ந்து வரவேண்டும்."

ஒப்பந்தம் கிடைத்துவிட்டது! விஜேகோன் சிரித்தார். இது வேறு சிரிப்பு. இவரிடம் இப்படியொன்றும் இருந்ததா?

2009 ஜனவரி 20

யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் கிடைக்கவில்லை.

மே 19, செவ்வாய்

யுத்தம் முடிந்தது. காலையிலிருந்து வெடிச்சத்தம், கொடிகள். விசேஷ நாள்களில் துண்டு துண்டாக வெட்டிப் பரிமாறும் பாற்சோற்றை விஜேகோன் கொண்டுவந்தார். நல்ல மனிதர், நல்ல பாற்சோறு. ஹபீலும் நானும் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம். வன்னியில் இருந்த சித்தி குடும்பத்தைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

இன்றுதான் சிந்தாவை யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று உலகத்துக்குத் திறந்துவிடும் நாள். போன கிழமையே குறித்தது. முதல் பக்கத்தில் எழுதியவர்களின் பெயர் போடவேண்டும். ஹபீல், திகன. பத்மாதேவி, யாழ்ப்பாணம்.

விஜேகோன் தோளுக்கு மேலால் பார்த்தார். "ஊர் அவசியமா, பத்மா?"

"கணினிக்கு அவசியமில்லை, சேர்."

அவர் தன் மேசைக்குத் திரும்பினார்.

பெயர்களுக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டேன். குறிப்பு எழுதவில்லை. ஹபீல் பார்த்தான்; டென்மார்க்கின் கிழவர்கள் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கும். அனுப்பும் முன் எல்லாவற்றையும் கடைசியாக ஒரு தரம் சிந்தாவுக்குக் கொடுத்துத் திருப்பி எடுத்தோம்.

அந்த வரியும் வந்தது.