ஏசா பெர்க் யாருக்குப் போவான் என்று நீ சொன்னது

டொலீடோ
மே 19

நோலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அவருக்குப் படி ஏறும்போது இடது முழங்கால் பிடித்துக்கொள்கிறது, மற்றபடி சாப்பாடு தூக்கம் எல்லாம் நடக்கிறது. நீ சுகமா என்று கேட்க வேண்டிய இடம் இது, கேட்க மனம் வரவில்லை. சுகமாகத்தான் இருக்கிறாய் என்று தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, புதுக் கோட்டு, புது நாற்காலி, கன்னத்தில் சதை போட்டிருக்கிறது, இரண்டு பக்கமும் பழைய ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து உன் முதுகில் தட்டுகிறார்கள். நான் போனை எடுப்பதில்லை என்று அப்பாவிடம் குறை சொன்னாயாம். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுது தொலைப்பேன், கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பேன், அதனால் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்து அணிகள் முறைபோட்டுக் கல்லூரிப் பையன்களை எடுத்துக்கொள்கிற, டிராஃப்ட் என்கிற மூன்று நாள் கூத்துக்கு முன்னால், எந்த அணி யாரை எடுக்கும் என்று ஊகித்து எழுதுவதே உன் பிழைப்பு என்று நீ கலிபோர்னியாவுக்குக் கிளம்பியபோது, அப்பா "இதெல்லாம் ஒரு வேலையாடா, மழை வருமான்னு சொல்றவனாவது நாலு கருவி வச்சிருக்கான்" என்று சிரித்தார். அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்து உன் பக்கம் நின்றவள் நான். இருபத்தேழு வருஷமாக நம் டொலீடோ அணியின் பயணப் பிரிவில் உட்கார்ந்து, யார் எங்கே பறக்க வேண்டும், எந்த ஓட்டலில் தங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தவள். திறமையான பையன்களைத் தேடி ஊர் ஊராக அலைகிற ஸ்கவுட்டுகள் எங்கே போகிறார்கள் என்பது அவரவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். அதை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் பெற்ற பிள்ளை போன் செய்து, "என்னம்மா குரலே சரியில்ல, ரொம்பக் களைச்சுப் போயிட்டியா" என்று கேட்டால் யார்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். மார்ச் மாதம் அப்படிக் கேட்டாய். நானும் புலம்பினேன். எங்கள் மூத்த ஸ்கவுட் வெர்ன் இந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்றாவது தடவையாக ஆபர்டீன் போகிறார், பனியில் விமானம் ரத்தாகி ரத்தாகி என் உயிர் போகிறது என்றேன். அங்கிருந்து ஒரு மலைமாதிரிப் பையன் அவன் அம்மாவோடு வருகிறான், அவன் கால் நீட்டிப் படுக்கிற மாதிரிக் கட்டில் கேட்டு ஏழு ஓட்டலுக்குப் போன் போட்டேன் என்றேன். நீ சிரித்தாய். "எந்த ஆபர்டீன்மா, தெற்கு டகோட்டாவா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு படு என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு வைத்தாய். அக்கறை என்றுதான் நானும் நினைத்தேன்.

டிராஃப்டுக்கு ஒன்பது நாள் முன்னால் உன் பட்டியல் வந்தது. டொலீடோ இரண்டாம் சுற்றில் ஏசா பெர்க்கை எடுக்கும், யாரும் பெயர் கேட்டிராத கல்லூரியின் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரன், அவர்கள் ஆள் பனியில் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டார், பையன் தாயோடு வந்து போய்விட்டான் என்று எழுதியிருந்தாய். தாயோடு வந்தான் என்பது எங்கள் கட்டிடத்தில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். என் மேசையில் அதை இரண்டு தடவை படித்தேன். இருந்தாலும் மற்ற அணிகள் உன்னை எங்கே மதிக்கப்போகின்றன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தப்பு அங்கேதான் இரட்டிப்பாயிற்று, அன்றைக்கே மாடிக்குப் போய் மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகமே உணவுக்கூடத்தில் கூடியிருந்தது, நான் பாப்ரிகா போட்ட கோழிக் குழம்பு செய்து கொண்டுபோயிருந்தேன். நம் முறை வர இன்னும் ஒரே ஒரு அணி பாக்கி இருந்தது. அப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை நம்மோடு மோதுகிற அந்த அணி இன்னொரு அணியிடம் பேரம் பேசி, நமக்கு முன்னால் இருந்த இடத்தை வாங்கி, ஏசா பெர்க் என்று அறிவித்தது.  வெர்ன் சுவரோரம் நின்றிருந்தார். நான்கு வருஷம் அந்தப் பையன் பின்னால் அலைந்தவர், அவன் ஆட்டம் பார்த்தவர்கள் மொத்தமே இருநூறு பேர் இருக்கும்போது அவர்களில் ஒருவராகக் குளிரில் உட்கார்ந்தவர். கையிலிருந்த தட்டை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

இதுவரைக்கும்கூட வாய்தவறியது, பிள்ளைத்தனம் என்று நான் விழுங்கியிருப்பேன். சனிக்கிழமை நீ தொலைக்காட்சியில் உட்கார்ந்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு, ஒரு கண்ணைச் சிமிட்டி, "அந்த அணியில வயசான ஸ்கவுட் ஒருத்தர், ரொம்ப நாள் சிநேகம், அவரு வாயைத் திறந்தா நான் காதைத் திறந்து வச்சுக்குவேன்" என்று சொன்னாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. வயசான ஸ்கவுட் எங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? உனக்கு ஏழு வயதில் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதன், உன் பட்டமளிப்புக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வந்த மனிதன். டிக்கெட் போடுகிற என்னை யாரும் சந்தேகிக்கவில்லை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரை மேலே கூப்பிட்டார்கள், பதினொன்றுக்குக் காவலாளி ஒருவன் கூடவே வர, பெட்டியோடு கீழே இறங்கினார். இருபத்திரண்டு வருஷம். கார் நிறுத்துமிடம் வரைக்கும் யாரும் அவரோடு நடக்கவில்லை, நானும் நடக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி உனக்குப் போன் செய்தேன். ஞாபகம் இருக்கிறதா? "உன்னைக் காப்பாத்தத்தாம்மா அப்படிச் சொன்னேன், உன் பேரு வந்துடக் கூடாதுன்னு" என்றாய். யாரையும் கைகாட்டாமல் வாயை மூடியிருந்தால் என் பெயர் எப்படி வரும்?  "வெர்ன் எப்படியும் ரெண்டு வருஷத்துல ஓய்வெடுக்கப் போறவர்தானே, வேற அணியில பார்த்துக்கலாம்" என்றாய். என் வயிற்றில் பிறந்தவன் பேசுகிற பேச்சா அது? போனை வைத்தேன், மறுநாள் காலை முகம் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனேன். தலைமை மேலாளர் ஹால்வர்சன் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், காத்திருக்கச் சொன்னார்கள், நான் காத்திருக்கவில்லை. நோலன் என் மகன், அவனிடம் சொன்னது நான், வெர்ன் இல்லை என்றேன்.  "மார்லீன், இதை எங்கிட்ட சொல்லாம இருந்திருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். மத்தியானத்துக்குள் என் மேசை காலியாயிற்று. வெர்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், அந்த மட்டில் நிம்மதி. அதற்கு அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை, வலைக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "நீங்க மேல போய்ச் சொன்னதுக்கு நன்றி, மார்லீன். ஆனா ஒரு நாள் முழுக்க என் பொண்டாட்டியே என்னை நம்பல. அதை யாரு திருப்பித் தருவாங்க?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னார். ஏசாவின் அம்மா மட்டும் எப்படியோ விவரம் கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்தாள், மகன் போன இடத்தில் நன்றாக இருக்கிறான், நீங்கள் தேடிக் கொடுத்த கட்டிலில்தான் அவன் அந்த மாதம் முழுவதிலும் நிம்மதியாகத் தூங்கினான் என்றாள். உனக்கு அது போதுமென்றால் எடுத்துக்கொள், எனக்குப் போதவில்லை.

வேலை இல்லாத வீட்டில் பொழுது நிறைய இருக்கிறது. உன் பழைய பட்டியல்களை எல்லாம் எடுத்துவைத்துப் பார்த்தேன். மற்ற அணிகளைப் பற்றி நீ சொன்னதில் முக்கால்வாசி தப்பு. டொலீடோவைப் பற்றி ஆறு வருஷத்தில் ஐந்து தடவை சரி. ஆறு வருஷமும் மார்ச் மாதத்தில்தான் உனக்கு அம்மா ஞாபகம் வந்திருக்கிறது. நவம்பரில் எனக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது ஒரு பூங்கொத்து வந்தது, அட்டையில் உன் பெயர்கூடக் கடைக்காரன் கையெழுத்து. அப்பா இப்போது உன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை, உன் நிகழ்ச்சி வந்தால் எழுந்துபோய்ப் புல் வெட்டுகிறார், வெட்டின புல்லையே வெட்டுகிறார். உன் சித்தி ராபர்ட்டா மட்டும் தேவாலயத்தில் எல்லோரிடமும் உன்னைப் பற்றிப் பெருமையடிக்கிறாள், நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்க்கிறேன். நேற்று முன்தினம் மனம் கேட்காமல் உன் போனை எடுத்தேன். நீ அழுதாய். மன்னித்துவிடு என்றாய், எனக்கும் கண் நிறைந்தது, போகட்டும் என்று சொல்லவே வாய் வந்தது. அப்போது, "பாவம்மா நீ, உன் இடத்துல இப்ப யாரை உட்கார வச்சிருக்காங்க?" என்று கேட்டாய். எனக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்கிறாய் என்று ஒரு கணம் நம்பி, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தும் விட்டேன். முதல் எழுத்து வெளியே வந்தது. அதற்குள் உன் பக்கத்தில் பேனா மூடி கழற்றுகிற சத்தம் கேட்டது, நோலன். எனக்குக் கண்ணில்தான் கோளாறு, காதில் இல்லை.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் தரட்டும், பெற்றவள் வாயால் வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. வெர்னின் மனைவி பெயர் டோரின், அவர்கள் வீடு கான்சால் தெருவில் அதே பச்சைக் கதவு வீடுதான். எந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பொய்யைச் சொன்னாயோ அதே நாற்காலியில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட்டு, பிறகு வந்து அந்தக் கதவைத் தட்டு. அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன். அதைச் செய்யும் வரைக்கும் அம்மா என்ன செய்வாள் என்று ஊகிக்காதே, அதை உனக்கு முன்கூட்டியே சொல்ல இனி யாரும் இல்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
மார்லீன் தோத்