சிவப்பு நூல் தைத்த வார்

ஆம்பூர்,
6.1.2026

அன்புள்ள தம்பி ஜான்சனுக்கு,

உன் அண்ணன் சர்தார் பாஷா எழுதுகிறேன். நானும் ஹலீமாவும் சௌக்கியம். உன் இடது முட்டி சௌக்கியமா?

செய்தி வந்துவிட்டது! நேற்று மத்தியானம் எங்கள் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனுக்குள் நம் கேலரிப் பையன் அஃப்ரோஸ் ஓடி வந்தான். "பாய், ஆட்டக்காரங்க ஸ்ட்ரைக் முடிஞ்சிடுச்சு! ஹாக்கி லீக் மறுபடி ஆரம்பம்!" என்று கத்தினான். மிஷினை நிறுத்திவிட்டு நான் குதித்த குதியில் சூப்பர்வைசரே அரண்டுபோனார். "இன்னா பாய், புதையல் கெடச்சிடுச்சா?" என்றார். "அதுக்கும் மேல சார், எங்க கோல்கீப்பர் திரும்ப வர்றாரு" என்றேன்.

ஆட்டம் இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பேஜார். நடுவில் அணி முதலாளிகள் வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வந்து கண்காட்சி ஆட்டம் நடத்தினார்களே, அன்றைக்கு எங்கள் கிழக்கு கேலரியில் ஒரு காக்காய்கூட உட்காரவில்லை. நாங்களும் கம்பெனி கேட்டில் கொடி பிடித்தவர்கள்தானே. களத்தில் அடிபட்டவனுக்கு அணிதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் நின்று பேசினாய். ஜெயித்தும் காட்டிவிட்டாய். சபாஷ்!

பிப்ரவரி எட்டு, ஞாயிறு, காட்பாடியில் முதல் ஆட்டமாம். ஆளுயரத்துக்கு உன் படம் போட்டு பேனர் சொல்லியாயிற்று. டோலக்குக்குப் புதுத் தோல் போட்டாயிற்று. நீ வழக்கம்போல் வந்து இரண்டு போஸ்டையும் மட்டையால் தட்டு. நாங்கள் "ஹோய்! ஹோய்!" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்துக்குக் காது காய்ந்து கிடக்கிறது.

நீ காலில் மாட்டுகிற கிக்கர் கவசத்துக்கும் புது வார் தைத்துக்கொண்டிருக்கிறேன். பாதத்துக்கு அடியில் ஓடுகிற வார்தான் முதலில் தேய்கிறது என்பாயே, அந்த இடத்தில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். வழக்கம்போல் சிவப்பு நூல்.

போனில் சொல்லலாமே என்று ஹலீமா கேட்கிறாள். "வாட்ஸ்ஆப் அழிஞ்சி போய்டும், கடிதம் என் கிட் பைக்குள்ளயே கிடக்கும்" என்று நீ ஒரு முறை மேடையில் சொன்னாயே, அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ஒரு கடிதம் என்பது நம் கணக்கு. அதை மாற்ற முடியுமா?

உன் அண்ணன்,
சர்தார் பாஷா

நாட்றம்பள்ளி,
11.1.2026

அன்புள்ள சர்தார் பாய்க்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் குதித்ததை என் மனைவி ஜாஸ்மினுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

பேனர் மட்டும் வேண்டாம் பாய். என் படம் எதற்கு? சொல்லியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஹம்மாத் இப்போது ரொம்ப நன்றாக ஆடுகிறான். எனக்கு அடுத்த கோல்கீப்பராக இத்தனை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாணியம்பாடிக்காரன், உங்களுக்குத் தெரிந்தவன்தான். ஸ்ட்ரைக்கில் கடைசிவரை என் தோளோடு நின்றவன். நேரம் இருந்தால் அவனுக்கும் ஒரு கடிதம் எழுதுங்களேன்.

முட்டி பரவாயில்லை. மற்றவை பிறகு.

அன்புடன்,
ஜான்சன்

ஆம்பூர்,
16.1.2026

என் அருமைத் தம்பிக்கு,

பேனர் வேண்டாமா? எப்போதிலிருந்து உனக்கு இந்த வெட்கம்? கல்யாணத்தில்கூட நீ இப்படி வெட்கப்படவில்லையே, நான்தான் பந்தியில் இருந்தேனே!

பேனர் அடித்து வந்தாயிற்று. எங்கள் வீட்டு ஹாலில் நீ சுவர் முழுக்க நிற்கிறாய். ஹலீமா விளக்கைப் போடப் போய் இரண்டு தடவை பயந்துவிட்டாள். "இவ்ளோ பெரிசா மூஞ்சி போட்டா கண்ணு பட்டுடும்ங்க" என்கிறாள். படட்டும், கழித்துப் போடலாம்.

ஹம்மாதுக்குக் கடிதமா? முதலில் அவன் ஆடட்டும். பெஞ்சில் உட்கார்ந்ததற்கெல்லாம் எழுதினால் தபால்காரர் என்னை உதைப்பார்.

இத்துடன் வார் ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்து இறுக்கமா, தளர்வா என்று எழுது. உன் கடிதம் ஏன் இத்தனை சின்னது? பேனாவில் மை கம்மியா?

உன் அண்ணன்,
சர்தார் பாஷா

நாட்றம்பள்ளி,
22.1.2026

அன்புள்ள பாய்க்கு,

வார் வந்தது. பிரித்ததும் முகர்ந்து பார்த்தேன். புதுத் தோல் வாசனை. அதற்குப் பிறகும் உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

அணியில் என்னை எடுக்கவில்லை பாய்.

மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். "வயசாவுதில்ல ஜான்சன், முட்டி வேற" என்றார். இந்த முட்டியோடுதான் போன சீசன் முழுக்க ஆடினேன். காரணம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்னால் நின்று பேசினேன், அவ்வளவுதான். நான் கேட்டதெல்லாம் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் இடமில்லை. நான் அழவில்லை என்று எழுதத்தான் ஆசை. பொய் எதற்கு, அழுதேன்.

பையன்கள் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். ஹம்மாத் பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டான். "நீங்க இல்லாத போஸ்ட்ல நான் எப்டிண்ணா நிப்பேன்?" என்றான். அவன் மனைவி சஹருக்கு இது எட்டாம் மாதம். திட்டித்தான் கையெழுத்துப் போடவைத்தேன். மறுபடி ஸ்ட்ரைக் என்றால் எல்லார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும்.

பாய், உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண்காட்சி ஆட்டம் ஆடினானே அந்த வெளியூர்க் கோல்கீப்பர், அவனையும் அணியில் எடுத்துவைத்திருக்கிறார்கள். ஹம்மாத் ஒரு ஆட்டம் சொதப்பினால் போதும், அந்த வெளியூர்க்காரனைக் களத்தில் இறக்கிவிடுவார்கள். ஹம்மாத் உங்கள் கேலரியை நினைத்துத்தான் பயப்படுகிறான். ஜான்சன் இடத்தில் இவனா என்று நினைப்பீர்களாம். அவன் வந்து போஸ்டைத் தட்டும்போது நீங்கள் "ஹோய்" சொல்ல வேண்டும். எனக்குச் சொல்வதைவிட உரக்க. பேனர் வெளியே வரவே கூடாது.

நான் ஓசூரில் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்கிறேன். ஆட்டத்துக்கு வர மாட்டேன். வந்தால் தாங்காது. அங்கே டிவியில் பார்ப்பேன். முகவரி கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் தம்பி,
ஜான்சன்

ஆம்பூர்,
27.1.2026

தம்பி,

என்னத்தை எழுதுவேன்? உன் கடிதத்தைக் கட்டிங் மேஜைமேல் வைத்துப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அஃப்ரோஸ் தண்ணீர் கொண்டுவந்தான். நன்றிகெட்ட பாவிகள்! உன் வாயால் கிடைத்ததை எல்லாரும் தின்பார்கள், உன்னைத் தெருவில் நிறுத்துவார்களா? நான் சாபம் விடுகிறவன் இல்லை. இன்றைக்கு விட்டேன்.

ஆட்டத்துக்குப் போவதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஹலீமா விடவில்லை. "அந்தப் புள்ள கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக்கூட செய்ய மாட்டீங்களா?" என்றாள்.

சரி. போவேன். உனக்காக ஹம்மாதுக்குக் கத்துவேன். என் தொண்டை கிழிந்தாலும் பரவாயில்லை. இது அல்லா மேல் சத்தியம். நீ ஓசூரில் வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
சர்தார் பாஷா

ஆம்பூர்,
10.2.2026

தம்பி ஜான்சனுக்கு,

நீ டிவியில் பார்த்திருப்பாய். டிவியில் தெரியாததை நான் எழுத வேண்டும்.

அன்றைக்கு மைதானமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாணியம்பாடியிலிருந்து வேன் வேனாக வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "வந்துடுச்சுப்பா, நம்ம ஆட்டம் வந்துடுச்சு" என்று ஒரு பெரியவர் என் தோளில் சாய்ந்து அழுதார். கேலரிக்கு நீ இல்லை என்பது டீம் பட்டியல் வந்த பிறகுதான் தெரியும். நான் பேனரை எடுத்துப் போயிருந்தேன். விரிப்பதற்காக இல்லை. வீட்டில் விட்டுப்போக மனசு வரவில்லை, சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று எடுத்துப் போனேன். டோலக் எதற்கு என்று ஹலீமா வாசலிலேயே கேட்டாள். "ஹம்மாதுக்கு அடிக்கத்தான்" என்றேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஹம்மாத் எங்கள் பக்கத்துக் கோலுக்குத்தான் வந்தான். நின்றான். மட்டையால் ஒரு போஸ்டைத் தட்டினான், அடுத்ததைத் தட்டினான். நான் வாயைத் திறந்தேன் தம்பி. சத்தியமாகத் திறந்தேன். அந்த இடத்தில் உன்னைத் தவிர இன்னொருவனைப் பார்த்ததும் "ஹோய்" வெளியே வரவில்லை. கேலரி மொத்தமும் என்னையே பார்த்தது. நான் ஆரம்பித்தால்தானே அவர்கள் சொல்வார்கள். அந்த அமைதியில் பின்னாலிருந்து யாரோ "ஜான்சன் எங்க?" என்று கத்தினான். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எனக்கடியிலிருந்து பேனரை அஃப்ரோஸ் உருவி விரித்தான். நான் தடுக்கவில்லை. "ஜான்சன் எங்க! ஜான்சன் எங்க!" என்ற கத்தலுக்கு டோலக் அடித்தது என் கைதான்.

அடிக்க அடிக்க நெஞ்சு நிறைந்தது. உனக்கு நியாயம் கேட்கிறோம் என்று தோன்றியது. முதல் கோல் விழுந்தபோதுகூட நிறுத்தவில்லை. இரண்டாவது அவன் காலுக்கு நடுவில் உருண்டு போனது. கேலரி சிரித்தது. மூன்றாவதுக்கு அவன் நகரவே இல்லை.

இடைவேளைக்கு ஊதியதும் ஹம்மாத் எங்களுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கிக் கிக்கரின் வாரை இறுக்கினான். அப்போது பார்த்தேன். சிவப்பு நூல். என் இரட்டைத் தையல்.

நீ கொடுத்தனுப்பியிருக்கிறாய். நான் உனக்குத் தைத்ததைப் போட்டுக்கொண்டு, உன் பெயரை நம்பி, எங்களிடம் வந்து நின்றிருக்கிறான். டோலக்கைக் கீழே வைத்துவிட்டு "நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்டது? நான் இல்லாமலே கத்திக்கொண்டிருந்தார்கள். தோற்றுப்போனோம்.

வாரை அவனுக்குக் கொடுத்ததை ஏன் எனக்கு எழுதவில்லை என்று உன்மேல் கோபப்பட்டேன். "எழுதியிருந்தா மட்டும் கத்தியிருக்க மாட்டீங்களா?" என்று ஹலீமா கேட்டாள்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது தம்பி.

சர்தார் பாஷா

ஓசூர்,
16.2.2026

சர்தார் பாய்க்கு,

கடிதம் கிடைத்தது. குடோனில் கூட வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தேன். அத்தனை பேர் என் பெயரைச் சொல்லிக் கத்தியதும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் "அது நான்தாங்க" என்றுகூடச் சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. பிறகு ஹம்மாதின் முகத்தைக் காட்டினார்கள்.

மறுநாளே அணி நிர்வாகத்தார் அவனைக் கூப்பிட்டு, "பாத்தியா, உங்க ஜனங்களே உன்ன வேணாங்குறாங்க. நாங்க இன்னா பண்றது?" என்றார்களாம். அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அந்த வெளியூர்க்காரன்தான் கோல்கீப்பர். நீங்கள் கூப்பிட்டது என் பெயரை. அடி விழுந்தது அவனுக்கு. அவர்கள் நினைத்ததை நம் கையாலேயே முடித்துக்கொண்டார்கள்.

ஹம்மாத் வாரைக் கழற்றி ஜாஸ்மினிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "அண்ணனுது அண்ணன்ட்டயே இருக்கட்டும் அண்ணி. எனக்குக் கத்த ஆளில்ல" என்றானாம். ஜாஸ்மின் எனக்கு அனுப்பினாள், நான் இத்துடன் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கும் தேவைப்படாது.

உங்கள்மேல் கோபம் இல்லை பாய். என்மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா? ஆனால் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே அந்தக் கேலரிச் சத்தம் கேட்கிறது. தாங்க முடியவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம். பழைய கடிதங்கள் பையிலேயே இருக்கும், எறிய மாட்டேன்.

ஹலீமா அக்காவுக்கு என் வணக்கம். நோன்பு வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜான்சன்

ஆம்பூர்,
24.2.2026

தம்பி ஜான்சனுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்.

வாரை எடுத்துக்கொண்டு வாணியம்பாடிக்குப் போனேன். சஹர் கதவைப் பாதி திறந்தாள். "அவரு வீட்ல இல்ல பாய்" என்றாள். அவன் செருப்பு வாசலில்தான் கிடந்தது. நிறைமாதப் பெண்ணை நிற்கவைத்து என்ன பேசுவது? "தப்பு என்னுதும்மா, அவன்ட்ட சொல்லு" என்றேன். "சொல்றேன்" என்று மெதுவாகக் கதவைச் சாத்தினாள். வாரை அங்கே வைத்துவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று முன்தினம் காட்பாடியில் இரண்டாவது ஆட்டம். டோலக் இல்லாமல், நோன்பு வாயோடு போய் உட்கார்ந்தேன். அந்த வெளியூர்க் கோல்கீப்பர் நம் பக்கம் வந்தான். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, மட்டையால் இரண்டு போஸ்டையும் தட்டினான்.

கேலரி "ஹோய்! ஹோய்!" என்று சொன்னது தம்பி. அஃப்ரோஸ் சொன்னான். எல்லாரும் சொன்னார்கள். ஆட்டம் வந்த சந்தோஷத்தில் யார் யார் என்பதெல்லாம் அவர்களுக்கு மறந்துவிட்டது. ஸ்ட்ரைக் நடந்ததே மறந்துவிட்டது. உன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

எதிர்ப்பக்கம் பெஞ்சில் ஹம்மாத் குனிந்து உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து நின்று, "ஹம்மாத்! ஹோய்! ஹோய்!" என்று கத்தினேன். என்னைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். மறுபடி கத்தினேன். குரல் உடைந்து இருமல் வந்துவிட்டது. அவன் தலையைத் தூக்கவில்லை. அன்றைக்கு அவன் தட்டியபோது சொல்லியிருக்க வேண்டியதை, தட்டாதபோது சொல்லி என்ன பிரயோஜனம்?

உன் பேனரை ஹலீமா மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். ஹால் சுவர் வெறுமையாக இருக்கிறது. வார் என் பையில் இருக்கிறது. ஆட்டம் உள்ள ஞாயிறெல்லாம் போவேன், அவன் இருக்கிற திசையைப் பார்த்துக் கத்துவேன். அவனுக்குக் கேட்கிறதோ இல்லையோ.

நீ பதில் போட வேண்டாம். கடிதத்தைப் பிரிக்காமலே பையில் போட்டாலும் சரி. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்காதே.

உன் அண்ணன்,
சர்தார் பாஷா