டிட்காட்டில் இறங்காதே

என் பொறுமைசாலிக்கு,

ஆசிரியர் கல்யாணம் செய்துகொண்டால் பதவி போய்விடும் என்ற கல்லூரி விதியை இன்று நீக்கிவிட்டோம். கல்லூரிச் செயலராகத் தீர்மானத்தை எழுதியது நான்தான். என் கிரேக்க அகராதிகூட எனக்கு இவ்வளவு கர்வம் தந்ததில்லை.

"யாருக்காகய்யா இவ்வளவு அவசரம்?" என்று கூட்டத்தில் எங்கள் மூத்த ஆசிரியர், கிழவர் ஹார்க்னெஸ் கிண்டலடித்தார்.

"பத்தொன்பது வருஷமா அவசரப்பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். மண்டபமே சிரித்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக அவர்தான் முதலில் கையைத் தூக்கினார்.

யார் கண்ணிலும் படாமலிருக்க, இத்தனை காலமும் நீ ஆக்ஸ்போர்டுக்கு முந்தைய நிலையமான டிட்காட்டிலேயே இறங்கினாய். நானும் அங்கே வந்து, மழையென்றாலும் உன்னோடு வயல்வழியே நடந்தேன்.

சனிக்கிழமை அங்கே இறங்காதே. ஆக்ஸ்போர்டுக்கே வா. கூட்டம் நிறைந்த நடைமேடையில், கல்லூரி அங்கியோடு நிற்பேன். உன் பெட்டியை நான்தான் தூக்குவேன்.

ஒளிந்து ஒளிந்து சலித்த,
உன் கிரேக்க வாத்தியார்